புல்வெட்டி மெஷினும் ஒரு வருஷ காரண்டியும்

குருவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். எங்கள் துரை பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி மெஷின் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்தார். கூடவே ஒரு வருஷ காரண்டித் தாளும் வந்தது. மெஷினைப் பங்களாத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்தார்கள். முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனதால், ரப்பர் மரங்களில் பால்வெட்டும் வேலையை விட்டுப் பங்களா வேலைக்கு வந்தவர் அவர்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிய மெஷின் பிறகு சண்டித்தனம் செய்தது. தோள் கழலக் கைப்பிடியைச் சுழற்றினாலும் கிளம்பாது; கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். துரைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கையாண்டவர் குறை என்று கம்பனி ஆள் சொல்லிவிட்டால், தோட்டக்காரர் மறுநாளே பால்வெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றார். கொழும்பிலிருந்த கம்பனிக்குக் கடிதம் எழுதியவன் நான். இந்த மனுஷர்தான் எதையோ கெடுத்திருப்பார் என்று நானும் நினைத்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கம்பனி அனுப்பிய மெக்கானிக் ஒரு முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். துரை சொன்னதையும் நான் சொன்னதையும் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, நேரே தோட்டக்காரர் பக்கத்தில் போய்க் குந்தினார். அதுவரை அந்த மனுஷரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"எப்ப நல்லா ஸ்டாட் ஆகுது?"

"மூடியத் தொறந்து பெட்ரோல் ஊத்துனா ஒடனே கெளம்புதுங்க நானா. அப்புறம் நின்னுடுதுங்க."

நானா பெட்ரோல் தொட்டியின் மூடியைப் பார்த்தார். அதன் நடுவில் சந்தனப் பொட்டு ஒன்று காய்ந்து கல்லாக இருந்தது. அடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று இருக்குமாம். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காதாம்; மூடியைத் திறக்கும்போது காற்றுப் புகுவதால்தான் கிளம்புகிறதாம்.

ஆயுத பூசையன்று பேரேட்டுக்கும் பேனாவுக்கும் வைத்த கையோடு, மெஷினுக்கும் பொட்டு வைத்தவன் நான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நானேதான். சாமிப் பொட்டை அழிக்கலாமா என்று, தினமும் அதைச் சுற்றியே துடைத்து வந்திருக்கிறார் தோட்டக்காரர்.

நானா ஊசியால் துளையைக் குத்திவிட்டார். முதல் சுழற்றலிலேயே மெஷின் உறுமியது. சத்தம் கேட்டு வந்த துரை, துளையை அடைத்தது யார் என்று கேட்டார். தோட்டக்காரர் குனிந்து மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

துரை வாயைத் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார். மழையும் தூசியும் விழும் இடத்தில் துளை வைத்தது கம்பனியின் பிழை, காரண்டியில் வேறு மூடி வரும் என்றார். தோட்டக்காரர் சொல்லாவிட்டால் தனக்கும் பிடிபட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். தோட்டக்காரர் பால்வெட்டுக்குப் போகவில்லை. நானாவைப் போல ஒரு மனுஷனை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

புறப்படுமுன் நானா, மெஷினைத் தள்ளும் கைப்பிடியின் குறுக்குக் கம்பியைத் தன் துணியால் நன்றாகத் துடைத்தார்.

"அடுத்த பூசைக்குப் பொட்ட இங்க வைங்க" என்றார்.