கஞ்சி போட்ட துணி

சில பேரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வரிசையில் முதல் இடம் மாதர் சங்கத் தலைவிகளுக்கு. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர வர, அதிகாரிகளின் மனைவிமார் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மத்தியானத் தூக்கம் பிடிக்காத பெண்மணிகள் எல்லாம் சேர்ந்து ஏழைப் பெண்களை முன்னேற்றப் புறப்பட்டுவிட்டார்கள். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மட்டும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. சில வாரப் பயிற்சி முகாம் ஒன்றை நடத்த என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் சென்னையில் ஓவியம் படித்தவள். பாத்திக் செய்வேன். துணியில் உருக்கிய மெழுகால் படம் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதையே தலைவியம்மாவுக்கு நான் எத்தனையோ தடவை விளக்கியும், வந்தவர்களிடமெல்லாம் அவர் இதைப் பின்னல் வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது கடம்பத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால் சமைத்தேன், துவைத்தேன், அண்ணியின் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தேன். நான் வரைந்த துணிகளை அண்ணி சுருட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டிருந்தாள். எலி கடித்ததற்கும் நான்தான் பொறுப்பாம். அதனால் தலைவியம்மா, "இந்த முகாம் நல்லபடியா முடிஞ்சா இங்கயே நிரந்தரமா ஒரு பயிற்சி நிலையம் வரப்போகுது. நீங்கதான் டீச்சர். தங்கறதுக்கு ரூமும் உண்டு" என்று சொன்னபோது, எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ரூம்! உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு அறை. அதற்காக அந்த அம்மாளையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

தினமும் கடம்பத்தூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே வேறு ரயில் மாறி மறுபடி வடக்கே போக வேண்டும். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ரயிலுக்கு அது தெரியாது.

பயிற்சிக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் நேற்றுவரை நாற்று நட்டுவிட்டு இப்போது புருஷனைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அதிலும் ஏரிக்கரையிலிருந்து வந்த ஒருத்தி, நாளெல்லாம் என்னை ஓட்டிக்கொண்டே இருப்பாள். "இன்னா டீச்சர், செவப்பு கையில ஒட்டிக்கினு போவவே மாட்டேங்குது. எங்க ஊட்டுக்காரு யாரையாவது வெட்டிட்டு வந்தியான்னு கேக்குறாரு!" என்பாள். ஆனால் மெழுகுத் தூரிகையைப் பிடித்தால் கை நடுங்காது. அவர்களோடு இருந்த நேரம் மட்டும்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் பாடமே மில் துணியைச் சலவைச் சோடாவில் வேகவைப்பது. மில்லில் போட்ட கஞ்சி போனால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். முகாமின் கடைசி வாரத்துக்கான துணிகளையும் அப்படியே வேகவைத்து, அலசி, காயவைத்து, சுருக்கம் சுருக்கமாக மடித்து வைத்துவிட்டு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். அவர் கண் முன்னால் பெண்கள் மெழுகு வரைந்து சாயம் முக்கிக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் நிலையம் வரும், எனக்கு அறை கிடைக்கும்.

திங்கள் காலை போய்ப் பார்த்தால், மேசைமேல் துணிகள் அப்பளம் போல மொடமொடவென்று அடுக்கியிருக்கின்றன.

"என்ன மேடம் இது?"

"சலவைக்காரரை வரச்சொல்லி நல்லா கெட்டியா கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணச் சொன்னேன். பெரியவங்க வர்ற இடத்துல அப்படிக் கசங்கின துணியையா வைப்பாங்க? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

மறுபடி துவைத்துவிடலாம் என்றேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. "எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கஞ்சியின் மேல் மெழுகு என்ன செய்யும்? உட்கார்ந்தது போல உட்கார்ந்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. சாயம் ஓரிடத்தில் ஏறியது, ஓரிடத்தில் ஏறவே இல்லை. மெழுகை எடுத்த பிறகு துணி முழுக்கத் திட்டுத் திட்டு. ஏரிக்கரைக்காரி தன் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் போட்ட மீனு எங்க? அம்மை வாத்த மாதிரி கீது!" என்று அதிகாரி காதில் விழும்படியே கேட்டாள்.

அதிகாரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு, "அடடா! மாடர்ன் ஆர்ட்!" என்றார்.

தலைவியம்மாவுக்கு அரை நொடிதான் தேவைப்பட்டது. "ஆமா சார். இது எங்க சங்கத்தோட சொந்த டெக்னிக். துணிக்குக் கஞ்சி போடணும்கிறது என்னோட ஐடியா."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் வாரக்கணக்கில் பழகிய கையெல்லாம் வீணாய்ப் போய்க் கிடக்கிறது. "சார், இது டெக்னிக் இல்லை, தப்பு. கஞ்சியால சாயம் பிடிக்கலை. ரெண்டு தடவை துவைச்சா இந்தத் திட்டும் போயிடும்" என்றேன். அவர் சிரித்தார். "ஆர்ட்டிஸ்டுங்களுக்கு எப்பவுமே திருப்தி கிடையாது" என்று தலைவியம்மாவிடம் சொல்லிவிட்டு போண்டா சாப்பிடப் போனார்.

நிலையம் வந்தது. டீச்சராகத் தலைவியம்மாவின் தங்கை வந்தாள். தலையணை உறையில் ரோஜாப்பூ போடத் தெரிந்தவள். நான் மறுபடி அண்ணியின் பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கப் போனேன்.

சில மாதம் கழித்துக் கடம்பத்தூருக்குக் கார் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. தலைவியம்மா மூச்சிரைக்க இறங்கினார்.

"அந்த அதிகாரி அனுப்பின துணியைப் பார்த்துட்டு டெல்லியிலேர்ந்து பெரிய ஆர்டர் வந்திருக்கு டீச்சர். அதே டிசைன்தான் வேணுமாம். நாங்களும் கஞ்சி போட்டுப் பார்க்கிறோம், அன்னிக்கு வந்த மாதிரி வரவே மாட்டேங்குது. நீங்க வந்துடுங்க. தங்கச்சியை அனுப்பிட்டேன். நீங்கதான் டீச்சர். ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன்."

"வர்றேன். ஆனா முதல் நாளே துணியை வேகவைப்பேன். கஞ்சி கிடையாது."

"ஐயோ, அப்புறம் அந்த டிசைன் எப்படி வரும்?"

"வராது. வாங்கினவங்க துவைச்சாலும் போயிடும்னு அன்னிக்கே சொன்னேனே?"

"துவைச்சா அவங்க பாடு. நமக்கென்ன?"

வெள்ளையடித்த அந்த அறை என் கண்முன்னாலேயே நின்றது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். வேறு வழி இல்லாமல் சொன்னேன், "நமக்கென்னன்னு சொல்லாதீங்க மேடம். உங்களுக்கென்னன்னு சொல்லுங்க. நான் வரலை."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அண்ணி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ரூமோட வேல. வேணாம்னுட்டியா?"

"ஆமாம்."

"உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கிது?"

அன்று மத்தியானம் அவள் எனக்குச் சோறு போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.