சாத்தான் கொடுத்த வாக்கு

பிளம்பரை அந்தத் தெருவே சாத்தான் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவிகூட, "சாத்தானே, சோறு ஆறுது" என்பாள். ஆளோ பரம சாது. ஒரு கரப்பான்பூச்சியை அடிக்க நாலு தடவை யோசிப்பார். எல்லாம் அந்தச் சிரிப்பால் வந்த வினை.

ஜெபக்கூடத்துச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் தலையைவிட்டுக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது எதற்கோ சிரித்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்தச் சிரிப்பு குழாய்க்குள் புகுந்து கூடம் முழுக்க உருண்டது. அங்கே வருஷாவருஷம் நாடகம் போடும் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்!"

அன்றிலிருந்து வருஷாவருஷம் அவர்தான் சாத்தான். கறுப்பு மழைக்கோட்டு, முகத்தில் கரி, தலையில் பிளாஸ்டிக் குழாய் வளைவு இரண்டைச் சிவப்படித்து ஒட்டிய கொம்பு. ஒரு நல்ல மனிதனின் ஆன்மாவை விலைபேசிவிட்டு, ஜனங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டே நடந்துவர வேண்டும். குழந்தைகள் வீறிடும். ஒரு தடவை செருப்புகூடப் பறந்து வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

ஒரு மதியக் காட்சியில் அப்படி நடந்து வரும்போது யாரோ கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினார். தையல்கடை அக்கா. போன மாசம்தான் அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்திருந்தார்.

"என் பிள்ளையை விட்டுடு" என்றாள்.

அவள் மகன் முப்பது வயசு வெல்டர். குடியில் மூழ்கிக் கிடந்தான். ஊருக்கே தெரியும்.

பிளம்பர் குனிந்து கிசுகிசுத்தார். "அக்கா, நான்தான். உங்க வீட்டுக்குக் குழாய் மாட்ட வந்தேனே..."

"தெரியும் தம்பி. உன்கிட்ட பேசல. உனக்குள்ள நிக்கிறான் பாரு, அவன்கிட்ட பேசறேன்."

அவள் கண்ணில் பயமே இல்லை. உலகத்தின் கெட்டது அத்தனையும் ஓர் ஆளாகி எதிரே நிற்கிறது என்று நம்பி, அதன் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கிறாள். இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கூடம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. திரைக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் "வா, வா" என்று கையை ஆட்டினார். பிளம்பர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு வாய் தானாகத் திறந்தது. வந்தது அவர் குரல் இல்லை, சாத்தானின் குரல்.

"விட்டுட்டேன்."

அவள் பிடியை விட்டாள். கசங்கின கோட்டைத் தையல்காரக் கையால் நீவிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் சாத்தான் தேம்பித் தேம்பி அழுதான். "சாத்தான் அழுதா எவன் பயப்படுவான்?" என்று மருந்துக்கடைக்காரர் குதித்தார். பிளம்பர் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

மனைவி அவர் முகத்தில் மிச்சமிருந்த கரியைத் துடைத்துவிட்டாள். அப்புறம், "விட்டுட்டேன்னு சொன்னது உன் வாய்தானே? போய் அவனைப் பாரு" என்றாள்.

மறுநாள் காலையிலேயே போனார். பட்டறை வாசலில் வெல்டர் போதையில் சுருண்டு கிடந்தான். இவரைப் பார்த்துச் சிரித்தான்.

"சாத்தான் விட்டுட்டானாமே? அம்மா சொன்னாங்க. நான்தாண்ணே அவனை விடமாட்டேங்கறேன்."

பிளம்பருக்கு உபதேசம் வராது. "ஒரு வீட்ல தொட்டி அடைச்சிருக்கு. ஒத்தையா முடியாது. வர்றியா?" என்றார். என்ன தோன்றியதோ, தள்ளாடிக்கொண்டே எழுந்து வந்தான்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. விட்டான், மறுபடி தொட்டான், காணாமல் போனான், வந்தான். ஒவ்வொரு தடவையும் பிளம்பர் தேடிப் போனார். மூன்று வருஷம் அப்படியே இழுத்தது. அதன் பிறகு அவன் குடிக்கவில்லை.

சாத்தான் வேஷத்தை அவர் திரும்பப் போடவில்லை. மருந்துக்கடைக்காரர் வாயிற்காவலன் வேஷம் கொடுத்தார். அதில் இருந்த ரெண்டு வரியையும் பிளம்பர் மறந்து தொலைத்தார். 'சாத்தான்னு ஒருத்தன் நிஜமாவே இருக்கானா' என்று யாராவது வம்புக்கு இழுத்தால் மட்டும் சிரிப்பை நிறுத்திவிடுவார்.

"எனக்குத் தெரியாதுப்பா. ஆனா அவன்கிட்டயே போய் நின்னு கேட்டவங்களைப் பார்த்திருக்கேன். அந்தக் கை என் கோட்டைப் பிடிச்சிருந்தப்போ, எவனா இருந்தாலும் விட்டிருப்பான்."