சிவப்பணுவுக்குள் ஒரு ஜோடி

மாட்டாஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் நோயாளி வாயே திறக்காது; கூட வந்தவர் வாயை மூடவே மாட்டார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பல வருடமாக மாட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து, நிமிர்ந்த நேரத்தில் திட்டு வாங்குகிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

காதில் என்ன இருக்கு?

சகாயமேரி அக்கா தன் ஜெர்சி மாடு ரோஸியை ஓட்டிக்கொண்டு வந்தார். எட்டு மாதச் சினை. இரண்டு நாளாகக் காய்ச்சல், தீவனத்தில் வாய் வைக்கவில்லை. அக்காவுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. ரோஸி நல்லபடியாகக் கன்று போட்டுக் கறந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். காது நுனியைத் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துச் சாயம் போட்டேன்.

ஒரு ஸ்லைடில் ஐம்பது இடமாவது நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். மணி ஒன்றரை. டிபன் பாக்ஸில் வத்தக்குழம்பு காத்திருந்தது. பத்து இடம் பார்த்துவிட்டு, "கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் அதை நம்பி, காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினார். அக்கா ரோஸியின் காதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சாப்பிடலன்னு கூட்டியாந்தா காதைக் குத்தி அனுப்புறீங்க. தோடு யாரு மேடம் வாங்கிப் போடுவா?"

டிகாஷன்

மறுநாள் காலை எங்கள் உதவியாளர் பாரூக் பாய் ஹீட்டரில் பால் வைத்திருந்தார். நாகூர்க்காரர், காப்பி விஷயத்தில் யாரோடும் சமாதானமாகப் போக மாட்டார். மேஜை மேல் ஒரு பாட்டிலில் கருகருவென்று ஏதோ இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "திக்கா இறங்கியிருக்கே! யார் வீட்டு டிகாஷன் மேடம்?" என்று மூடியைத் திறந்து, பாலுக்கு மேலே சாய்க்கப் போனார். அதற்குள் வாசலில் மாட்டைக் கட்டிவிட்டு சகாயமேரி அக்கா ஓடி வந்தார்.

"ஐயோ பாய், அது எங்க ரோஸி காலையில போட்டது!"

கொக்கியோடு வருகிறவன்

பாய் கை கழுவப் போனார். மாட்டின் சிறுநீர் அந்த நிறத்தில் வந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் ஸ்லைடையே எடுத்து மறுபடி வைத்தேன். முப்பத்திரண்டாவது இடத்தில், ஒரு சிவப்பணுவுக்குள், கூர்முனைகள் ஒட்டிய இரண்டு பேரிக்காய் போல ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்தில் எங்கு பார்த்தாலும் ஜோடிகள்தான். என் அவசரத்தால் ரோஸிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் போயிருந்தது. அவமானமாக இருந்தது. அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். டாக்டர் சரியான ஊசியைப் போட்டார். தாய் பிழைக்கும், கன்றுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

அக்கா தானும் பார்க்க வேண்டும் என்றார். லென்ஸில் காட்டிக்கொண்டே விளக்கினேன். உண்ணி கடிக்கும்போது இந்தக் கிருமி ரத்தத்தில் இறங்குகிறது. ஒரு சிவப்பணுவைத் தொட்டதும் புரண்டு, தன் கூர்முனையை அதன் தோலில் வைக்கிறது. பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை என்பதால், தான் கொண்டுவந்த கொக்கியையே அந்தத் தோலில் பதித்து, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே ஒன்று இரண்டாகிறது. பிறகு அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவுக்குப் போகிறது. உடைந்த அணுக்களின் சிவப்புதான் கருத்துப்போய்ச் சிறுநீரில் இறங்கி, பாரூக் பாயை ஏமாற்றியது. அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"வாடகைக்கு வர்றவன்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டு வருவான். இவன் கொக்கியும் கையுமா வந்து வீட்டையே இடிச்சுட்டுப் போறானே!"

தினசரி நிலவரம்

அடுத்த நாளிலிருந்து அக்கா போனில் நிலவரம் சொல்ல ஆரம்பித்தார். மணி அடித்தால் நானே ஓடிப்போய் எடுப்பேன். முதல் நாள், "நன்னாரி சர்பத்து கலர்ல போகுதுங்க." மறுநாள், "டீ கலருங்க, பால் ஊத்தாத டீ." மூன்றாம் நாள், "எலுமிச்சம்பழ ஜூஸு மாதிரி ஆயிடுச்சுங்க, எந்திரிச்சு வைக்கோல் கடிக்கிது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தம்மா இன்னும் ரெண்டு நாள் போன் பண்ணுனா நான் பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் மேடம்."

வெள்ளித் தகடு

ரோஸிக்குக் குணமானால் நோய் வந்த இடத்தை வெள்ளியில் செய்து வைப்பதாக அக்கா வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டியிருந்தார். காணிக்கைக் கடையில் கண், கை, கால் எல்லாம் கிடைக்கும், சிவப்பணு கிடைக்காது. என்னிடம் வந்து படம் வரைந்து தரச் சொன்னார். ஒரு வட்டம், உள்ளே இரண்டு பேரிக்காய். நகைக்கடைப் பத்தர் மறுபேச்சில்லாமல் தகட்டில் வெட்டிக் கொடுத்தாராம்.

ரோஸி கிடாரிக் கன்று போட்டது. தாயும் கன்றும் சுகம். அக்கா வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு, கடலைமிட்டாயோடு எங்களைப் பார்க்க வந்தார். அங்கே வரிசையில் நின்ற ஒரு பெண் தகட்டைப் பார்த்து, "கிட்னியாக்கா?" என்று கேட்டாளாம். தான் சொன்ன பதிலை அக்கா கொஞ்சமும் சிரிக்காமல் எங்களுக்கும் சொன்னார்.

"இல்லம்மா, இது எங்க மேடம் மொத நாளு பாக்காம விட்டது."

அன்றிலிருந்து பத்து இடம் பார்த்ததும் டிபன் பாக்ஸ் பக்கம் கை போனால், வேளாங்கண்ணியில் வெள்ளியில் இருக்கும் என் தப்பு என்னைப் பிடித்து உட்கார வைத்து ஐம்பதையும் எண்ண வைத்துவிடுகிறது.