ரேகை விழாத மனு

அந்த மனு எழுதப்பட்ட காலத்தில் எனக்கென்று ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. ஆம்பூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் ஒரே மகன் நான். ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவன். ஆங்கிலக் கையெழுத்துக்காக மாவட்ட அளவில் பரிசு பெற்றவன். பொய் சொன்னதாக அதுவரை எவரும் என்மீது குற்றம் சாட்டியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்த மதிப்பே காரணமாயிற்று என்பதால் முதலில் சொல்லிவைக்கிறேன்.

இலங்கையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு, தப்பியவர்கள் படகேறி இக்கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. அப்படி வந்தவர்களில் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் ஓர் அறையில் தங்கியிருந்தார். அங்கே தபால் அலுவலகத்தில் இருந்தவர். இங்கே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் வாசலில் காவல் நின்றார். நான் அவரைச் சிலோன் மாமா என்று அழைத்தேன். அவருடைய மூத்த மகனை இராணுவம் வீடு புகுந்து பிடித்துச் சென்றிருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடு வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் பதில் சொல்ல அந்த நாட்டில் ஒரு வாசல்கூட இல்லை.

ஆகவே வெளியே கேட்பது என்று முடிவாயிற்று. அப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் ஒரு குழு அமைத்தார்கள். உலக நாடுகள் தலையிட வேண்டும், குடிமக்கள்மீது இராணுவத்தை ஏவுவது நிறுத்தப்பட வேண்டும், பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு மனு. வேலூர் வக்கீல் ஒருவர் ஆங்கிலத்தில் வாசகம் எழுதித் தந்தார். பிரதி எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர்ப் பட்டியலில் சிலோன் மாமாவின் மகன் பெயர் மூன்றாவதாக இருந்தது. என் எழுத்தின் சுழிப்புகளைப் பார்த்தே அந்தச் சபை எழுந்து நின்றுவிடும் என்று நான் மெய்யாகவே நம்பினேன்.

ஊருக்குள் கையெழுத்துகள் ஒரு பக்கத்தோடு நின்றுபோயின. அரசாங்க வேலையில் இருந்தவர்கள் பேனாவைக் கையில் வாங்கி, யோசித்து, திருப்பித் தந்தார்கள். அப்போதுதான் சிலோன் மாமா என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, டேனரிச் சனம் கைநாட்டு வைக்கிறம் எண்டு சொல்லுதுகள். ஆனா என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுக் காட்ட வேணும். நான் வாசிச்சால் மகன்ர பேர் வாற இடத்தில குரல் உடைஞ்சு போகுது. நீ வாறியே?"

டேனரிக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நாற்றம் சட்டையில் ஏறும் என்பது அவர் வாயால் சொன்ன காரணம். சொல்லாத காரணம், உள்ளே தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது. அது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் எங்கள் வீட்டு ஒழுக்கங்களில் ஒன்று.

ஒரு சனிக்கிழமை உச்சிவேளை, சாப்பாட்டு நேரத்தில் மாமாவோடு உள்ளே போனேன். முழங்கால்வரை சுண்ணாம்பு காய்ந்து வெளுத்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா கண்ணு, எட்மாஸ்டரு புள்ள இங்க? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு."

"உரிச்சா இங்க அனுப்பச் சொல்லு, நல்லா பதம் பண்ணித் தர்றோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மனுவைத் தமிழில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். முடி சுரண்டும் பகுதியில் வேலை செய்த ஒரு பெண் மட்டும் கேள்வி கேட்டாள்.

"அந்தச் சபை எங்க கீது? டெல்லியா?"

"அமெரிக்காவில் இருக்கிறது" என்றேன்.

"இத்த பாத்தா இவரு புள்ளைய உட்ருவானுங்களா?"

"கட்டாயம் விட்டுவிடுவார்கள்" என்றேன். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊதா மைப்பெட்டியைத் திறந்து, வரிசையில் வந்தவர்களின் கட்டைவிரலை ஒவ்வொன்றாக நானே பிடித்து ஒற்றினேன். முதல் ரேகை வெறும் கறையாக விழுந்தது. மறுபடி வைத்தேன். அதுவும் நெற்றிப்பொட்டுப்போல் வழவழவென்று இருந்தது.

"எத்தினி வாட்டி வெச்சாலும் அப்டித்தான் வரும். கோடெல்லாம் சுண்ணாம்பு துன்னுடுச்சி. கைரேகை ஜோசியக்காரன் எங்க தெருவுக்கு வந்தா பேஜாராயி ஓட்றான்" என்றார் காலில் சுண்ணாம்பு வெளுத்திருந்த அந்த மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தாள்கள் நிரம்பின.

மறுநாள் மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. சிலோன் மாமாவும் வந்திருந்தார். வேலூர் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாளுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். அடுத்த தாளைப் பார்த்தார்.

"சார், ஒண்ணுலயும் ரேகையே இல்ல. எல்லாம் ஒரே ஆளு, எதையோ மையில தொட்டு ஒத்தின மாதிரி இருக்கு. இத அனுப்பினா அந்த அரசாங்கம் இதையே எடுத்துக் காட்டி, தமிழன் சொல்றதெல்லாம் ஜோடனைன்னு சொல்லிடும்."

என் கட்டைவிரலை ஒரு துண்டுத் தாளில் வைக்கச் சொன்னார். கோடுகள் தெளிவாக விழுந்தன. "பையன் வெக்கல" என்று தீர்ப்பளித்தார். எனக்கு மூச்சு வந்தது.

அப்பா கேட்டார்: "நீ டேனரிக்குள்ள போனியா?"

சுண்ணாம்பைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், போனேன் என்றாகிவிடும். அத்தனை பேருக்கு முன்னால் தலைமையாசிரியரின் மகன், அந்தக் கைகளைப் பிடித்தவன் என்றாகிவிடும்.

"இல்லப்பா. மாமாதான் தாளை வாங்கிட்டுப் போனாரு."

சிலோன் மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் என்னால் இத்தனை ஆண்டுகள் அதைத் தாங்கியிருக்க முடியும்.

"ஓம் ஐயா, தம்பி வரேல்ல" என்றார். "ஆனா நான் ஒருத்தரையும் பேய்க்காட்டி ஏமாத்தேல்ல. டேனரி இஞ்ச கிட்டத்தானே. ஒருக்கா வந்து அந்தச் சனத்தின்ர கையைப் பாருங்கோ. பாத்திட்டு என்னை என்னவும் சொல்லுங்கோ."

கூடத்தில் ஒருவரும் எழவில்லை. அமெரிக்காவில் இருக்கும் சபை கடல் தாண்டி வந்து பார்க்க வேண்டும் என்று எழுதியவர்கள், அரை மைல் நடந்து டேனரிக்குள் நுழைந்து சில கைகளைப் பார்க்க ஆயத்தமாக இல்லை. "அதெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா. வக்கீல் தாள்களை மடித்துத் தம் பைக்குள் வைத்தார். ஊருக்குள் கையெழுத்திட்டவர்களும் செய்தி பரவியதும் தங்கள் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். மனு போகவில்லை.

மறுவாரம் நல்ல தாளில் வேறொரு மனு எழுதிவிடலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதில் எனக்கு விளங்காதது அதுதான். பிடித்துச் செல்லப்பட்டவனுக்கு மறுவாரம் என்று ஒன்று இருக்கிறதா என்பதை அவனைப் பிடித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். மாமா ஒரு மாதத்துக்குள் அறையைக் காலி செய்து, அகதி முகாமொன்றுக்குப் போய்விட்டார். அவருடைய மகனைப் பற்றிச் செய்தி வந்ததா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் துணிவு எனக்கு வரும் வயதில் அவரை அறிந்தவர் எவரும் மிஞ்சவில்லை.

பிறகு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். அந்தத் தீவில் அதைவிடப் பெரிய சாவுகள் நடந்தபோது பேராசிரியர்களைத் திரட்டி மனுக்கள் எழுதினேன். எல்லாவற்றிலும் படித்தவர்களின் அழகான கையெழுத்துகள்; ஐயுறத் தக்கது ஒன்றுமில்லை. உலகம் அவற்றைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதியது. மக்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே அந்தப் பழைய மனு போயிருந்தால் ஒருவன் பிழைத்திருப்பான் என்று நான் வாதிட வரவில்லை. அந்த எண்ணம் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. இன்று வேறு நாடுகளில் அரசாங்கங்கள் தம் மக்களையே சுடும் செய்திகளைப் படிக்கும்போது, போய்ப் பாருங்கள் என்று இன்றும் எழுதுகிறேன். எவரும் போவதில்லை என்று அறிந்தே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் மலரில், என் வகுப்புத் தோழர் ஒருவர் நகைச்சுவையாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரே கட்டைவிரலால் ஊரையே ஏமாற்றிய சிலோன்காரர் என்பது அதில் ஒரு பகுதி. தலைமையாசிரியரின் மகன் சூதறியாமல் தாளைக் கொடுத்துவிட்டான் என்றும் இருக்கிறது. இரண்டும் தவறு. அவர் ஒரு ரேகையும் வைக்கவில்லை. அந்த மூன்று தாள்களிலும் உள்ளவை வெவ்வேறு மனிதர்களின் கட்டைவிரல்கள். அவற்றைப் பிடித்து ஒற்றியவன் நான்.