அத்தை எடுத்த பாட்டு

பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லாருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்த கோடை விடுமுறையில்தான் என்னைப் பத்து நாள் பாட்டுப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்று சொல்வது வீட்டாருக்கு நான் செய்கிற மரியாதை. உண்மையில் நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாவது வேளை அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதிக்க ஆரம்பித்து, தோற்றுவிடுவோம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை சரி என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அம்மாவுக்கு ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை, முடிவெடுக்கிற வேலை அத்தைக்கு.

அத்தை அப்பாவின் அக்கா. காலையில் துறைமுக வாசலுக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்து, டிரைவர்களுக்கு இட்லி விற்பாள். அத்தனை ஹாரனையும் தாண்டி அவள் குரல் கேட்கும். சாயங்காலமானால் அதே குரலுக்கு வேறு உத்தியோகம். ராயபுரத்தில் எங்கள் சந்தில் கல்யாணமோ சாவோ ஜெபமாலையோ, பாட்டை எடுப்பது அவள்தான். எடுப்பது என்றால், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி முதல் வரியைத் தனியாகத் தொடங்குவது. அவள் எடுத்ததும் பக்கத்தில் நிற்கிற நான் சேர்ந்துகொள்வேன், எனக்குப் பின்னால் சந்து முழுக்கச் சேர்ந்துகொள்ளும். நான் அவள் இடுப்புயரம் இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். எடுத்த பாட்டை நடுவில் விழ விடக்கூடாது என்பது எங்கள் சந்தின் சட்டம். சாவு வீட்டில் பாடுகிறவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால்கூட, அடுத்த மூச்சுக்குள் இன்னொருத்தி அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கவில்லை என்றால் அந்தத் தெருவையே ஒரு மாதம் பேசுவார்கள்.

முகாமோ மே மாதத்தில். மே மாதம் மாதாவுக்கான மாதம். சந்து முனையில் மாதா சிலை வைத்த குகை மாதிரியான கெபி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மாதம் முழுக்கச் சாயங்காலம் ஜெபமாலையும் பாட்டும் நடக்கும். அதைப் பத்து நாள் விட்டுவிட்டுப் போகிறேன் என்பதுதான் அத்தையின் மனத்தாங்கல். "எங்க போனாலும் பாட்டுதானே பாடப்போற, அத இங்கயே பாடேன்" என்றாள். ஆனாலும் என் பைக்குள் ஒரு டப்பா தேன் நெல்லிக்காயை வைத்தது அவள்தான்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம். பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை சுமார் அறுபது பேர். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுக்கை. பையன்கள் தரைத்தளம், நாங்கள் மேல்மாடி. போனை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்காக யாராவது அழுவார்கள் என்று சிஸ்டர்கள் எதிர்பார்த்தார்கள் போல. யாருக்கும் நேரமே இல்லை. காலையில் பல் விளக்கும்போதே கீழே ஒருவன் குளியலறையிலிருந்து அடிக்குரலில் ஒரு வரியை இழுப்பான், மேலே ஜன்னலிலிருந்து நாங்கள் பதில் வரி பாடுவோம், சிஸ்டர் அதட்டுவார். தூசிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று சாலைப் பக்க ஜன்னல்களை மூடி வைத்திருந்தார்கள். அப்படியும் லாரி ஹாரன் உள்ளே வந்துவிடும். மாஸ்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். "இந்தா, சுருதி குடுத்திட்டான். பிடிங்க" என்பார். அறுபது பேரும் ஹாரனோடு சேர்ந்து ஊளையிடுவோம். வாழ்க்கையில் இத்தனை சத்தம் போட்டு யாரிடமும் திட்டு வாங்காமல் இருந்தது அங்கேதான்.

மாஸ்டர் தூத்துக்குடிக்காரர், சின்ன வயது. முதல் நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குரலைச் சோதித்தார். நான் உச்சத்துக்குப் போய்க் காட்டினேன். அத்தையோடு பாடிப் பழகினவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பிறகு ஒரு வேடிக்கை செய்தார். என்னை ஒரு மெட்டைப் பாடச் சொல்லிவிட்டு, கீபோர்டில் வேறொரு மெட்டை வாசித்து என்னைக் கலைக்கப் பார்த்தார். நான் கலையவில்லை. "காது கெட்டிதான் பிள்ளைக்கு" என்று சொல்லி என்னை ஆல்டோவில் போட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரிப்பார்கள். சொப்ரானோ என்பது பெண்களின் மேல்குரல், பாட்டின் மெட்டு அவர்களுக்குத்தான். பெண்களின் கீழ்க்குரல் ஆல்டோ. டெனரும் பேஸும் பையன்களுக்கு. எங்களுக்குக் கிடைத்த வரியைத் தனியாகப் பாடினால், வீட்டுக்குள் சாவியைத் தேடுகிறவள் மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். பக்கத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு கல்லூரி அக்கா நின்றாள். "எதுக்குடி மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற, மூணு நாள் பொறு" என்றாள்.

மூன்று நாள் தனித்தனி அறையில் தனித்தனியாகக் கற்றுக்கொண்டோம். பிறகு எல்லாரையும் ஹாலில் சேர்த்து நிற்க வைத்தார்கள். பாடப்போவது எங்கள் சந்தில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரிந்த பழைய மாதா பாட்டு. மாஸ்டர் அதை நாலு குரலுக்குப் பிரித்திருந்தார். அவர் கையை இறக்கினார். தொடங்கினோம். எனக்கு அதை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் நான் நிறுத்தினால் அங்கே ஒரு ஓட்டை விழும் என்று தெரிந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, முழங்கைவரை புல்லரித்தது. கல்லூரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. "இன்னொரு வாட்டி மாஸ்டர், இன்னொரு வாட்டி" என்று அறுபது பேரும் கத்தினோம். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனது, யாரும் கவலைப்படவில்லை.

அன்று மாலை மாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார். கடைசி நாள் வீட்டாரைக் கூப்பிட்டுக் கச்சேரி. அதில் தடுமாறாமல் நிற்கிறவர்களை வருஷம் முழுக்க நடக்கும் பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் பயிற்சி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போதும் என்று தோன்றியது. ஆனால் ஞாயிறு மாலை, மே மாதமானாலும் இல்லாவிட்டாலும், நான் அத்தை பக்கத்தில் நிற்கிற நேரம். அவள் விட்டால்தான் உண்டு. அவள் விட வேண்டுமென்றால் இங்கே நடப்பது அவளுக்குப் பிடிக்க வேண்டும்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரலாம் என்றார்கள். அம்மாவும் அத்தையும் தூக்குவாளி நிறைய பிரியாணியோடு வந்தார்கள். நான் இரண்டு வாய்கூட விழுங்கவில்லை, "இன்னா கத்துக்கின, பாடு பாக்கலாம்" என்றாள் அத்தை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மெட்டைப் பாடிக்காட்டித் தப்பித்திருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆல்டோ வரியைப் பாடினேன்.

"இன்னாடி இது?"

"அந்த மாதா பாட்டுதான் அத்தே."

"எந்த ஊரு மாதா?"

மற்றவர்கள் மேலே மெட்டைப் பாடுவார்கள், நாங்கள் கீழே இதைப் பாடுவோம், இரண்டும் சேர்ந்தால் சோக்காக இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அத்தை கேட்கவில்லை. என் தலையைத் தடவி, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். கேட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கும், காவலாளிக்கும், சாலையில் நின்ற லாரிக்காரருக்கும் கேட்டது. "புள்ளைக்கு ராகம் வர்லன்னு ஓரங்கட்டிட்டானுங்க. எங்கூட பாடிகினு இருந்த புள்ளய."

எனக்கு ஆத்திரமும் அவமானமும் பொத்துக்கொண்டு வந்தன. மிச்ச நாளெல்லாம் வெறிபிடித்தவள் மாதிரிப் பாடினேன். கச்சேரியில் கேட்டால் அத்தைக்குப் புரியும், புரியாமல் எங்கே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் பள்ளி ஹாலில் நிற்க இடமில்லை. எங்கள் சந்துப் பெண்கள் இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்து மூன்றாவது வரிசையைப் பிடித்திருந்தார்கள். நடுவில் அத்தை, பக்கத்தில் அம்மா. மாதா பாட்டு கடைசியாக வந்தது. முதல் சரணத்தில் நாலு குரலும் சேர்ந்து ஹாலே நிறைந்தது. அத்தையின் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை என் கையில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் சரணத்தில் மாஸ்டர் ஒரு அழகு செய்திருந்தார். முதலில் பேஸ் நிற்கும், பிறகு டெனர், பிறகு சொப்ரானோவும் நின்றுவிடும். ஆல்டோ மட்டும் மெல்லிய குரலில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் திரும்பி வருவார்கள். அன்றைக்கும் ஒவ்வொரு குரலாக நின்றது. ஹால் அமைதியானது. குள்ளமாக இருந்ததால் முன்வரிசையில் நான், சுற்றி ஆல்டோ பெண்கள், சாவி தேடுகிற அந்த வரி. மூன்றாவது வரிசையில் அத்தை கைப்பையை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாட்டு விழுந்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள்.

அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்ததே தவிர, அத்தை உட்காரவில்லை. எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, நாங்கள் பாடிக்கொண்டிருந்த சுருதியிலேயே மெட்டை எடுத்தாள். அவள் எடுத்தால் சந்து சும்மா இருக்குமா? மூன்றாவது வரிசை மொத்தமும் எழுந்தது. பின்னால் காசிமேட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ. மாஸ்டர் திரும்பி ஜனத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பாவம், அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு இடது கையை எங்கள் பக்கம் நீட்டி, விட்டுவிடாதீர்கள் என்று விரல்களை மூடினார்.

என் நாக்கு அத்தை பக்கம் போகத் துடித்தது. அவள் எடுத்து நான் சேராமல் இருந்ததே கிடையாது. என் பின்னால் இரண்டு பேர் ஏற்கெனவே மெட்டுக்குத் தாவிவிட்டார்கள். கல்லூரி அக்காவின் குரலே ஆட ஆரம்பித்தது. நானும் போனால் ஆல்டோ முடிந்தது. அத்தையைப் பார்க்காமல் மாஸ்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, எங்கள் வரியையே பாடினேன். அப்போதுதான் கேட்டது. மேலே அத்தையின் மெட்டு, கீழே என் வரி, இரண்டும் பொருந்தியிருந்தன. பொருந்தும் என்று அன்றைக்குக் கையை ஆட்டிச் சொன்னேனே, அது இப்போது ஹாலே கேட்கும்படி நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே பாடினேன். தாவிப்போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மாஸ்டர் ஒரு கையை ஜனத்துக்கும் ஒரு கையை எங்களுக்கும் வீசி, மற்ற மூன்று குரலையும் உள்ளே கொண்டுவந்தார். கூரை பறந்துபோகும் போலிருந்தது. முடிந்ததும் விசிலும் கைதட்டலும் அடங்க வெகு நேரமாயிற்று. இதெல்லாம் முன்னமே திட்டம் போட்டது என்று நினைத்து ஒரு சிஸ்டர் மாஸ்டரைப் பாராட்டினார்.

அத்தை நேராக மாஸ்டரிடம் போனாள். "இன்னா நைனா, பொம்பளப் புள்ளைங்கள தனியா பாடவுட்டு எல்லாரும் கம்முனு நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். அது அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல கை குடுத்தீங்கக்கா" என்றார். கூடவே, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அனுப்புவாளா என்றும் கேட்டார். அத்தை என் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட். திருவொற்றியூர் வந்தது, போனது.

"நான் பாடுறப்ப நீ எங்கூட வர்லியே" என்றாள் அத்தை.

"வந்திருந்தா எங்க பாட்டு வுழுந்திருக்கும் அத்தே."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அப்ப உன்ன ஓரங்கட்டல?"

"இல்ல அத்தே. நான்தான் தாங்கிக்கினு இருந்தேன்."

தண்டையார்பேட்டை தாண்டியதும், "ஞாயித்துக்கெழம தானே, போய்ட்டு வா" என்றாள். நான் எழுந்து குதித்ததில் மேல்கம்பியில் தலை இடித்துக்கொண்டது. பஸ்ஸே சிரித்தது, அத்தையும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு, முதல் நாள் பயிற்சி முடிந்து திரும்பும்போது சந்து முனையிலேயே ஜெபமாலைப் பாட்டு கேட்டது. என் இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா நின்றாள். அத்தை பாட்டை மிகவும் இறக்கி எடுத்திருந்தாள். ஆண்பிள்ளைக் குரல் மாதிரிக் கனமாக, மெதுவாக வந்தது. ஹாலில் கத்தியதில் தொண்டை போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்கு ஓடி, மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தேன். அத்தை வாங்கிக் குடித்தாள். மறுநாளும் அப்படியே இறக்கித்தான் பாடினாள். அதற்கடுத்த நாளும். அத்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

"அவளுக்கு இன்னா கேடு? அவ கொரலே அதாண்டி. நீ சின்னப் புள்ளையா போய் அவ பக்கத்துல கீச்சுக் கொரல்ல பாடிகினு நின்ன பாரு, அதுக்கப்புறந்தான் மேல ஏத்திப் பாட ஆரம்பிச்சா" என்றாள் அம்மா, தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை, ஏன் ஏற்றினாள் என்று கேட்கவும் தோன்றவில்லை. மறுநாள் பாலில் மிளகை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.