வெளியே போட்ட நாற்காலி

“ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க ஆச்சி. சும்மா பேசணும், அம்புட்டுதான்” என்றார் ஏட்டு இசக்கிராஜா.

பாலம்மாள் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தாள். “கட்டாயம் வரணுமா ஏட்டையா, இல்ல சும்மா கூப்பிடுதியளா?”

“கூப்பிடுதேன்.”

“அப்ப வரல.”

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“இந்தா நிக்காள்லா, எங்க அக்கா மவ சுஜிதா. தென்காசியில வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கா. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். அதுல ஒண்ணு இது.”

ஏட்டு திரும்பிப் பார்த்தார். சுஜிதா கடையில் தொங்கிய சோப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே, “பொம்பளையாள விசாரிக்கணும்னா அவங்க வீட்டுல வச்சுத்தான் சார் விசாரிக்கணும். அவங்களா இஷ்டப்பட்டா ஸ்டேஷனுக்கு வரலாம்” என்றாள்.

“வராட்டி உங்க மேல எனக்குச் சந்தேகம் வரும்லா ஆச்சி?”

“வந்தா ஊருக்கே வந்துரும்லா ஏட்டையா?”

ஐந்தருவிப் பாதையில் பாலம்மாளுக்கு எண்ணெய்க் கடை, பின்னாலேயே வீடு. எண்ணெய் வாங்குகிறவர்கள் பையை அவளிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். டோக்கன் கிடையாது, முகம்தான் அடையாளம். அன்று காலை அருவியில் தண்ணீர் திடீரென்று கூடி, விசில் ஊதி எல்லோரையும் விரட்டியபோது ஐம்பது பேர் ஒன்றாக ஓடிவந்தார்கள். எண்ணெய் வழிகிற முகமெல்லாம் ஒரே முகம். ஒரே ஜவுளிக்கடைப் பைகள் இரண்டு இருந்தன. புனலூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போக வேண்டிய பை, உள்ளே இருந்த தங்கச் செயினோடு வேறு யாரிடமோ போய்விட்டது. அவர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன்பும், குளிக்க வந்தவர்களின் மோதிரம் ஒன்று காணவில்லை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் போனாள். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒரு வார்த்தை அதட்டவில்லை. மோதிரம் தொலைத்தவர்களின் காரிலேயே கிடந்தது. ஆனால் அந்த சீசன் முழுக்க ஆட்டோக்காரர்கள், “அங்கன பையக் குடுக்காதீய, ஸ்டேஷனுக்குப் போன ஆளு” என்று சொல்லியே இறக்கிவிட்டார்கள். எண்ணெய் விற்றது. பை வைக்க ஒருவரும் வரவில்லை. அவமானம் அதில்தான் இருந்தது.

இந்தத் தடவை ஏட்டு நல்ல மனுஷர். அன்றே நாலு மணிக்கு நோட்டோடு தானே வந்தார். பாலம்மாள் எதையும் மறைக்கவில்லை. “மாத்திக் குடுத்தது நான்தான். எடுத்தது நானில்ல” என்றாள். மூன்றாம் நாள் சுரண்டை பஸ்ஸில் ஒரு பெண் வந்திறங்கி, பிரிக்காத பையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கு முந்தின நாளே மூன்று குடும்பங்கள் பாலம்மாளிடம் பை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தன.

அதற்குக் காரணம் அந்த நாலு மணிதான் என்று சுஜிதா நினைக்கிறாள். ஏட்டு வருவதைப் பார்த்ததும் நாற்காலியை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனவளைப் பாலம்மாள் தடுத்தாள்.

“ஏட்டி சுஜிதா, உள்ள போடாத. ரோட்டைப் பாத்துப் போடு. அவரு கேக்கதும் நான் சொல்லுததும் எல்லாருக்கும் கேக்கட்டும்.”