தோல் போர்த்திய வீடியோ கேம் பெட்டி

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில், பள்ளிக்கூட நாட்களில் நானும் என் தோஸ்தும் ஒரே பெட்டியே கதியென்று கிடப்போம். ஆளுயரப் பெட்டி, விமானங்களைச் சுடும் ஆட்டம். கடை மூடிப் பல வருடம் கழித்து, அதே பெட்டி ஒரு தோல் குடோனில் சாயடப்பா அடுக்கும் அலமாரியாக நிற்பதை இருவரும் பார்த்தோம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து என் வீட்டு ஹாலில் இறக்கினோம். "ஃபிரிட்ஜ் வெக்க மட்டும் எடமில்லைன்னீங்க" என்றாள் என் மனைவி.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தப் பெட்டியின் பழைய சர்க்யூட் போர்டே உயிர் பெற்று, எங்கள் ஆட்டம் அதிலிருந்தே ஓட வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும், ஆயிரம் ஆட்டத்தை நகலெடுத்து அடைத்த சமாச்சாரம் எதுவும் வேண்டாம். இதை அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். டிவி ரிப்பேர் பார்க்கிற அவன், சாப்பாட்டுத் தட்டு அகலமிருந்த அந்தப் போர்டைக் கழற்றித் தன் கடைக்கு எடுத்துப்போனான்.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவன். கரையான் தின்ற பலகைகளை மாற்றினேன். கம்பெனியில் கழித்துப்போட்ட கறுப்புத் தோலைக் கேட்டு வாங்கி, சொல்யூஷன் தடவிப் பெட்டி முழுக்க ஒட்டினேன். செருப்புக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? தோலென்றால் ஓரம் மடிக்க இடம் விட்டுத்தான் வெட்டும். பின்கதவின் நாலு பக்கமும் அழகாக மடித்து ஒட்டியதில் கதவு தடித்துப்போனது. நான் ஷிப்டில் இருந்த நாளில் அவன் வந்து உள்வேலையை முடித்துவிட்டு, கதவைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தான்.

மாலையில் சுவிட்சைப் போட்டான். ஆட்டம் வந்தது. நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"நம்ம போர்டுதான்டா, பொழச்சிக்கிச்சு. கதவ மட்டும் தெறக்காதே. பிக்சர் டியூப்ல கரண்ட் நிக்கும், தூக்கி அடிச்சிடும்" என்றான்.

என்மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். வந்தவர் போனவர் எல்லோரிடமும் பழைய போர்டு, பழைய போர்டு என்று பீற்றிக்கொண்டேன்.

சில மாதங்களில் பெட்டி படுத்துவிட்டது. போன் செய்தால், குடும்பத்தோடு சோளிங்கரில் இருப்பதாகவும் தான் வரும்வரை கை வைக்கக் கூடாது என்றும் சொன்னான். எனக்குப் பொறுமை கிடையாது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, ஒருநாள் கழித்துத் தோலைக் கத்தியால் கீறிக் கதவைப் பெயர்த்தேன்.

உள்ளே போர்டு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் செருகிய மெமரி கார்டு. இத்தனை மாதமும் நான் ஆடியது நகல்.

அவன் ஊர் திரும்பிய அன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"மேலதான் கேம் ஆடினு இருக்காரு. ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பொட்டின்னாரு, நீங்க ஒரு வாட்டிகூட பாக்க வரலியே அண்ணா?"

மாடியறையில் சின்னதாய் இன்னொரு பெட்டி. அதன் பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, எங்கள் போர்டை விளக்கொளியில் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"சொல்லலாம்னுதான்டா இருந்தேன். பொட்டி உன் வூட்ல, போர்டு என் வூட்ல. இதுல இன்னா இருக்கு?"

"எங்கிட்ட நம்ம போர்டுன்னு சொன்னியே."

"நீ ஆடுனியே, ஒனக்கு இன்னா வித்தியாசம் தெரிஞ்சுது?"

வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லைதான். அவன் சொன்னதால் அது எனக்குப் பழைய போர்டு. வேறு எந்த அத்தாட்சியும் நான் தேடவில்லை. படியிறங்கினேன். பின்னாலேயே வந்து, "போர்டத் தானே கேக்கற? நாளைக்கி எடுத்துனு வர்றேன், மாட்டிடலாம்" என்றான்.

"போர்டக் குடுத்தனுப்பு," என்றேன். "நீ வராதே."